பின் சிலிண்டரைச் சுற்றிய சேறு: ஒரு மோரிஸ் மைனரின் கூலிங் துரு

வண்டி 1964 மாடல் மோரிஸ் மைனர் 1000. நாலு கதவு, 1098 சிசி ஏ-சீரீஸ் எஞ்சின். உரிமையாளர் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். டோங்காட், வெருலம் பக்கம் இன்னும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வேலை பார்க்கும் கராஜுக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது அவர் சொன்ன புகார் ஒன்றுதான்: டர்பனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் பிரச்சினை இல்லை, மேடு ஏறினால் கொதிக்கிறது.

பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் நடக்கும் தீமிதிக்கு இந்த வண்டியிலேயே போகவேண்டும் என்பது அவர் ஆசை. டர்பனிலிருந்து அங்கே 80 கிலோமீட்டர்தான், ஆனால் பாதை கடல்மட்டத்தில் தொடங்கி உம்லாஸ் ரோடு அருகே 800 மீட்டரைத் தொட்டுவிடும். கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா என்று இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்கள் மூச்சுவாங்கும் அதே மேடுகள். அறுபது வயது தாண்டிய எஞ்சினுக்கும் அங்கேதான் மூச்சு வாங்கும்.

வந்தபோது இருந்த நிலை

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கெட்டியான டீ நிறத்தில் இருந்தது. மூடியின் அடிப்பக்கத்திலும் கழுத்திலும் செம்மண் பூசியதுபோல் துரு. வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. மைனரில் டெம்பரேச்சர் மீட்டர் வராது, அதனால் இந்த வண்டியில் சூடு ஏறுவது ஆவி வந்த பிறகுதான் தெரியும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடும் வால்வு) இருக்கும் இடத்துக்கு அருகில், 88 டிகிரி. பின்பக்கம், நாலாவது சிலிண்டருக்கு மேலே, 110-ஐத் தாண்டியது. ஒரே ஹெட்டில் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் அது ரேடியேட்டர் மட்டும் செய்கிற வேலை அல்ல. ரேடியேட்டர் அடைத்திருந்தால் எல்லா இடமும் சேர்ந்து சூடேறும்.

வண்டியின் கதையைக் கேட்டதில் மூன்று விஷயம் தெரிந்தது. பல வருடமாக வெறும் தண்ணீர்தான், அதுவும் வீட்டு மழைத்தொட்டித் தண்ணீர். தினமும் காலையில் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புவது வழக்கம். எங்கோ ஓர் இடத்தில் கசிவை நிறுத்த அடைப்புப் பவுடர் போட்டிருக்கிறார்கள்.

"கூலன்ட் ஊத்தலையாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"இங்கே பனியா விழுது தம்பி? ஆன்டிஃப்ரீஸ் ஜோஹன்னஸ்பர்க்காரனுக்குத்தானே?"

டர்பனில் இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கடற்கரையில் உறைபனி விழாது என்பது சரி. ஆனால் அந்தப் பாட்டிலில் கிளைகாலோடு துருத்தடுப்பு மருந்தும் இருக்கிறது, இங்கே நமக்கு வேண்டியது அதுதான். தண்ணீர், காற்று, வார்ப்பிரும்பு மூன்றும் 80 டிகிரியில் சேர்ந்திருந்தால் துருப்பிடிக்கப் பனி தேவையில்லை.

கேஸ்கட்டா, பம்பா?

துருத்தண்ணீரைப் பார்த்தவுடன் மருந்து வாங்க ஓடக்கூடாது. ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) கசிந்து எரிந்த வாயு தண்ணீரில் கலந்தாலும் தண்ணீர் அமிலமாகி இதே நிறம் வரும். அப்படி இருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வீண்.

ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி ஜாடியில் விட்டு எஞ்சினை ஓட்டினேன். முதலில் சூட்டில் விரிகிற காற்று வரும், அது இயல்பு. அது நின்ற பிறகும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அப்புறம் எஞ்சினை ஆறவிட்டு, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினேன். பெல்ட் இல்லை என்றால் வாட்டர் பம்ப் சுற்றாது. குமிழி நின்றுவிட்டது. கேஸ்கட் கசிந்திருந்தால் பம்ப் நின்றாலும் குமிழி வந்துகொண்டே இருக்கும். எரிந்த வாயு கலந்திருந்தால் காட்டும் நீலத் திரவச் சோதனையிலும் நிறம் மஞ்சளாகவில்லை. ஆக, காற்றை உள்ளே இழுப்பது பம்ப்தான். பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளையிலிருந்து துரு வழிந்த கோடு ஒன்றும் காய்ந்து கிடந்தது. வண்டி நிற்கும்போது வெளியே கசிகிற அதே சீல், ஓடும்போது உறிஞ்சும் பக்கத்தில் காற்றை உள்ளே இழுக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், கணக்கு அப்படி. சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். அது முழுவதும் இரும்போடு சேர்ந்தாலும் உண்டாகும் துரு 27 மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோ கால் கிராமுக்கு மேல், அதிலிருந்து கிட்டத்தட்ட 0.9 கிராம் துரு உண்டாகலாம். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். தினமும் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல்தான், ஆனால் பம்ப் சீல் வழியாகச் சத்தமில்லாமல் போகிற காற்றுதான் இந்த எஞ்சினைத் தின்றது.

தினமும் கழுத்துவரை நிரப்பியதற்கும் காரணம் உண்டு. இந்த வண்டியில் தனி எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லை. சூடானதும் விரிகிற தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாக ரோட்டில் கொட்டும். மறுநாள் காலையில் குறைந்திருப்பதைப் பார்த்து மறுபடி நிரப்புகிறோம், அது மறுபடி கொட்டுகிறது. கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திவிட்டால் அந்த மட்டத்திலேயே நிற்கும். இதை ஐயாவிடம் சொன்னபோது நம்பவில்லை. பிறகு சில வாரம் அப்படியே விட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்.

டிரெயின் டேப்பில் தண்ணீர் வரவில்லை

ரேடியேட்டர் டேப்பைத் திறந்தேன், பழுப்புத் தண்ணீர் வந்தது. பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் டேப்பைத் திறந்தேன், ஒரு சொட்டும் இல்லை. டேப்பையே கழற்றினேன். அப்போதும் இல்லை. எட்டிப் பார்த்தால் துளை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சுவர்.

ஏ-சீரீஸில் பம்ப் தண்ணீரை பிளாக்கின் முன்பக்கம் தள்ளுகிறது. அது பின்னால் போய், மேலே ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கம் தெர்மோஸ்டாட் வழியாக வெளியேறுகிறது. நாலாவது சிலிண்டர் பம்புக்கு மிகத் தொலைவில் இருப்பதால் அங்கே ஓட்டம் மெதுவாகிறது, தண்ணீர் சுமந்து வந்த துருத்துகள் எல்லாம் அங்கேதான் படிகிறது. வருடக்கணக்கில் படிந்து, சூட்டில் வெந்து, கல்லாகிறது. வார்ப்பிரும்பு கடத்துகிற வெப்பத்தில் ஒரு சின்னப் பங்கைத்தான் இந்தச் சேறு கடத்தும். ஹெட்டின் பின்பக்கம் 110 காட்டியதன் காரணம் இந்தச் சுவர்தான்.

விறைப்பான கம்பியை டேப் துளையில் விட்டுக் குத்தினேன். முதலில் காய்ந்த பொடி உதிர்ந்தது, பிறகு வடிகட்டியில் தங்கிய காப்பிக் கசடு போல ஈரமாக ஒன்று. கம்பி ஒரு விரல் நீளம் உள்ளே போனதும் கறுப்புத் தண்ணீர் மெல்லிய நூலாக வடிந்தது. கொஞ்சம் திருகியதும் அடைப்பு விட்டுப் பாய்ந்தது, முகத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாயிற்று.

டேப் துளை வழியாக மட்டும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. பின்பக்கக் கோர் பிளக்கையும், அதாவது பிளாக்கின் வார்ப்பு ஓட்டையை மூடியிருக்கும் வட்டத் தட்டையும், கழற்றவேண்டும். அதன் ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் தட்டு பக்கவாட்டில் திரும்பும், பிளையரால் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். நடுவில் அடித்து உள்ளே தள்ளிவிட்டால் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம்) விழுந்து வேறு தலைவலி. இந்தத் தட்டு வெளியே பெயின்ட்டோடு நன்றாக இருந்தது. உள்பக்கமோ காகிதம்போல் மெலிந்து, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழுந்தது. அதற்குப் பின்னால் சிலிண்டர் சுவரே தெரியவில்லை. பாதி உயரத்துக்குச் சேறு.

வளைத்த ஸ்பூன், பழைய சைக்கிள் பிரேக் கேபிள், தோட்டக் குழாய் மூன்றும்தான் கருவிகள். கேபிளின் நுனியைப் பிரித்து விரித்து, டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் ஜாக்கெட்டின் வளைவுகளுக்குள் போய்ச் சுரண்டும். தெர்மோஸ்டாட் இடத்திலிருந்து தண்ணீரைக் கீழ்நோக்கி விட்டு, கோர் பிளக் ஓட்டை வழியாக வெளியேற்றினேன். இந்த வேலைக்கு முன்பே ரேடியேட்டரையும் ஹீட்டர் குழாய்களையும் கழற்றிவிடவேண்டும். எல்லாம் மாட்டியிருக்கும்போது எஞ்சினை ஓட்டி ஃப்ளஷ் செய்தால் பிளாக்கில் இருக்கும் துரு முழுவதும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போய் உட்காரும். சுத்தம் செய்த மறு வாரமே கொதிக்கிற வண்டிகளில் பாதி இப்படித்தான் கெடுகிறது.

எடுத்த சேற்றைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து நிறுத்தேன். 400 கிராமைத் தாண்டியது. காந்தத்தைக் காட்டினால் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டது. காற்று குறைந்த இடத்தில் உண்டாகிற கறுப்புத் துரு அது, மேக்னடைட். மீதியில் செம்துருவும், வார்ப்பு மணலும், அந்த அடைப்புப் பவுடரின் துணுக்குகளும்.

எந்த மருந்து

இப்போதுதான் மருந்தைப் பற்றிப் பேசலாம். பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அது ஏன் பலிக்காது என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே காட்டிவிடலாம். 5 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத சிட்ரிக் அமிலம் என்றால் 250 கிராம். ஓர் இரும்பு அணுவைப் பிடித்து வைக்க ஒரு சிட்ரிக் மூலக்கூறு வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், அந்த 250 கிராம் கரைத்து வைக்கக்கூடிய துரு சுமார் 95 கிராம். நான் கையால் எடுத்தது 400. மருந்தை மட்டும் நம்பியிருந்தால் நாலு தடவைக்கு மேல் மாற்றவேண்டும், அதுவும் அமிலம் அந்தக் கல்லுக்குள் முழுவதும் ஊடுருவினால்தான். நடப்பது என்னவென்றால், சுத்தமாக இருக்கும் முன் சிலிண்டர்களின் நல்ல இரும்பை அமிலம் தின்னும், பின்னால் இருக்கும் சேறு அப்படியே இருக்கும்.

மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகு) போடலாமே என்று ஐயா கேட்டார். டோங்காட்காரர் கேட்காமல் இருப்பாரா. 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்த நாள் முதல் நம் முன்னோர்கள் முதுகொடிந்தது இந்தக் கரும்புத் தோட்டங்களில்தான். இன்றும் மாட்டுத்தீவனமாக மொலாசஸ் சுலபமாகக் கிடைக்கிற ஊர். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டால் துரு மட்டும் கரைந்து நல்ல இரும்பு நிற்கும். உண்மையிலேயே நல்ல முறை, செலவும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் ஆகும், நுரைத்துப் புளிக்கும், அலுமினியத்தை அரித்துவிடும். தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம். அதனால் எஞ்சினுக்குள் ஊற்றவில்லை. புல்லி, பிராக்கெட், போல்ட் மாதிரி கழற்றிய இரும்புச் சாமான்களை மட்டும் ஒரு வாளியில் போட்டு வைத்தேன். அவை அருமையாக வந்தன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் பக்கத்திலேயே விடுவதில்லை. அது துருவோடு இரும்பையும் சேர்த்துத் தின்னும்.

சிட்ரிக்கையே எடுத்துக்கொண்டேன். பம்பையும் அலுமினிய மூடியையும் கழற்றி, அந்த இடங்களைத் தகடு வைத்து மூடி, கோர் பிளக்குக்கு ரப்பர் அடைப்பு வைத்தேன். வாளியில் கலவை, மீன்தொட்டிக்குப் போடுகிற மாதிரி சின்ன பம்ப், பிளாக்கின் முன்பக்கம் நுழைந்து ஹெட்டின் வழியாகத் திரும்பி வாளிக்கே வருகிற குழாய். எஞ்சினை ஓட்டவில்லை. கலவையை 50, 60 டிகிரியில் வைத்திருந்தால் போதும்.

இதில் கண்ணால் பார்க்கவேண்டியது நிறம், காகிதத்தால் பார்க்கவேண்டியது பிஎச், அதாவது அமிலத்தின் அளவு. தெளிந்த தண்ணீர் டீ நிறமாகி, பிறகு பச்சையாகி, கறுத்தது. பிஎச் தாள் 4-ஐத் தாண்டிக் காட்டினால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடவேண்டும். அப்படியே விட்டால் கரைந்த இரும்பு மஞ்சள் வண்டலாகத் திரும்பப் படியும். துரு போன பிறகும் குமிழி விடாமல் வந்தால் அமிலம் இப்போது இரும்பையே தின்கிறது, உடனே நிறுத்தவேண்டும். கோர் பிளக் ஓட்டையில் டார்ச் அடித்தபோது வார்ப்பின் சாம்பல் நிறம் தெரிந்தது. நாலாவது சிலிண்டரின் சுவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு மீதி அமிலத்தை முறிக்க வாஷிங் சோடா கலந்த தண்ணீர் கொஞ்ச நேரம், அப்புறம் வெறும் தண்ணீர் தெளிவாக வரும்வரை. இந்த இடத்தில் சோம்பல் கூடாது. அமிலம் பட்ட இரும்பு காற்றில் சில நிமிடத்திலேயே மறுபடி செம்மை ஏறும். புதுச் சாமான்களை எல்லாம் முன்கூட்டியே மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு, கழுவிய அன்றே மாட்டி, கூலன்ட் நிரப்பிவிடவேண்டும். அமிலக் கழிவையும் பழைய கூலன்ட்டையும் தெருக் கால்வாயில் ஊற்றக்கூடாது. நம் மழைநீர்க் கால்வாய் நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

திரும்ப மாட்டியது

ரேடியேட்டரை நான் தொடவில்லை, ரேடியேட்டர் கடைக்கு அனுப்பினேன். அடித்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு எடுத்தார்கள். செம்பு-பித்தளை ரேடியேட்டருக்கு அதுவே சரியான வழி, அமிலம் ஈயப்பற்றையும் அரிக்கும்.

வாட்டர் பம்ப் புதிது. பழையதன் இறக்கைகள் ஓரமெல்லாம் அரித்துப் பாதியாகியிருந்தன. பம்ப் வெளியே இருக்கும்போதே ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குட்டி பைபாஸ் குழாயையும் மாற்றிவிடவேண்டும், பிறகு அதற்குக் கை போகாது. கோர் பிளக் பித்தளையில் போட்டேன். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் சூடாக்கி, திறக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டினேன்.

ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குவது. இதை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். இந்த அழுத்தம் கொதிநிலையை 11 டிகிரி அளவு உயர்த்துகிறது. வாஷர் வெடித்த பழைய மூடியோடு 800 மீட்டர் உயரத்துக்குப் போனால் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊருக்குள் தப்பித்த வண்டி மேட்டில் ஆவி விட்டதற்கு இதுவும் ஒரு பங்கு.

ஹீட்டரோடு சேர்த்தால் இந்த எஞ்சின் 5.5 லிட்டர் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி அயனி நீக்கிய தண்ணீர். பழைய முறையில் சிலிகேட் சேர்த்த, பிஎஸ் 6580 என்ற பிரிட்டிஷ் தரம் போட்ட பச்சை நிறக் கூலன்ட்டையே எடுத்தேன். ஈயப்பற்றும் பழைய சீல்களும் இருக்கிற வண்டிக்கு நீண்ட ஆயுள் தருகிற புதுவகை கரிம அமிலக் கூலன்ட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. பச்சையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

மேல் குழாய் ரேடியேட்டரில் நுழையும் இடத்தில் பெண்கள் போடும் நைலான் ஸ்டாக்கிங்கின் துண்டு ஒன்றைப் பை மாதிரி சொருகி வைத்தேன். பிளாக்கில் எங்கோ ஒட்டியிருந்து பிறகு பெயர்ந்து வருகிற துகள் ரேடியேட்டருக்குள் போகாமல் இதில் தங்கும்.

மேட்டில் என்ன ஆனது

ஐயாவையும் ஏற்றிக்கொண்டு பழைய ரோட்டில் போனோம். ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி நிறுத்திப் பார்த்ததில் ஹெட்டின் முன்பக்கம் 86, பின்பக்கம் 92. போத்தாஸ் ஹில்லில் பின்பக்கம் ஒரு டிகிரி கூடியது, அதற்கு மேல் போகவில்லை. ஜாடிச் சோதனையிலும் குமிழி இல்லை. தீமிதிக்கு வண்டி போய் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வாரம் கழித்துப் பக்கவாட்டில் இன்னொரு கோர் பிளக்கில் பச்சையாக ஈரம் தெரிந்தது. அதையும் துருதான் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது. பின்பக்கத்தைத் திறக்கும்போதே எல்லாக் கோர் பிளக்குகளையும் மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தேன், செலவைப் பார்த்து ஐயா வேண்டாம் என்றார். இப்போது மீதி எல்லாவற்றையும் பித்தளையில் மாற்றியாயிற்று. ஸ்டாக்கிங் பையை முதல் தடவை எடுத்தபோது ஒரு டீஸ்பூன் கறுப்புத் துகள், காந்தத்தில் ஒட்டுகிற ரகம். அடுத்த தடவை சிட்டிகை அளவு. அதன் பிறகு ஒன்றும் வராததால் எடுத்துவிட்டோம்.

ஹீட்டர் இன்னும் அடைத்தேதான் இருக்கிறது. அதன் குழாய்கள் ஊசிபோல் மெல்லியவை, அடைப்புப் பவுடர் அங்கேதான் அதிகம் போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிட்டு ஹீட்டரைத் தனியாக விட்டிருக்கிறோம். குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போவதாக இருந்தால் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.